உதயம்பேரூருக்குப் பின்

மதங்களே போருக்கும் பிரிவினைக்கும் வேர் என்ற குற்றச்சாட்டும், மதம் தூயது, அதை அரசியல்தான் கெடுத்தது என்ற மறுப்பும் நெடுங்காலமாக எதிரெதிரே நிற்கின்றன. இரண்டையும் பொதுப்பட வாதிடுவதைவிட, ஆவணச் சான்று மிகுந்த ஒரு வரலாற்றோடு பொருத்திப் பார்ப்பது பயன் தரும். மலையாளக் கரையின் தோமா கிறித்தவர் சமூகம் அதற்கு ஏற்ற களம். அங்கே நூல் எரிப்பும், சிறைவைப்பும், போரும், இன்றுவரை கூடாத பிளவும் எழுபது ஆண்டுக்குள் அடுத்தடுத்து நிகழ்ந்தன.

இச்சமூகத்தின் பழைமைக்கு உறுதியான சான்று கி.பி. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு. வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தேவாலயத்துக்கு நிலமும் குடிகளும் வணிக உரிமைகளும் வழங்கியதை வட்டெழுத்தில் கூறும் அந்த ஏட்டில், சாட்சிகள் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். ஒரு தேவாலயத்துக்கான கொடைக்கு முஸ்லிம்களும் யூதர்களும் சாட்சி நின்றனர் என்பதே அக்காலத் துறைமுக வாழ்வின் இயல்பைக் காட்டப் போதும். தோமா கிறித்தவர்களுக்கு ஆயர்கள் மெசபொத்தாமியாவிலிருந்த கீழைத் திருச்சபையிலிருந்து வந்தார்கள். வழிபாட்டு மொழி சிரியாக். ஆனால் வந்த ஆயர் குருப்பட்டம் அளிப்பது போன்ற சடங்குகளோடு நின்றுகொள்ள, நிர்வாகம் முழுவதும் உள்ளூர்க் குடும்பத்தைச் சேர்ந்த அர்க்கதியாக்கோன் என்னும் தலைமைக் குருவின் கையிலும், ஊர்ப் பெரியவர்களும் குருமாரும் கூடும் பள்ளியோகத்தின் கையிலும் இருந்தது.

போர்த்துகீசியர் வந்தபின் இந்த ஏற்பாடு நிலைகுலைந்தது. பத்ரொவாதோ எனப்பட்ட ஆதரவுரிமையின்படி, புதிதாகக் கண்டடைந்த நாடுகளில் ஆயர்களை முன்மொழியவும் திருச்சபையைப் பேணவும் போர்த்துகல் அரசருக்குப் பாப்பரசர்கள் அதிகாரம் அளித்திருந்தார்கள். ஆகவே பாபிலோன் எனப்பட்ட மெசபொத்தாமியாவிலிருந்து ஆயர் வருவது கோட்பாட்டுப் பிழையாக மட்டுமின்றி அரச உரிமையின் மீறலாகவும் கருதப்பட்டது. அரசியல் மதத்தைக் கெடுத்தது என்ற வாதம் இங்கே செல்லாது, ஏனெனில் அந்த உரிமையை அரசர் பறித்துக்கொள்ளவில்லை. திருச்சபையே எழுதிக் கொடுத்தது. கோவாப் பேராயர் அலெய்சோ தெ மெனசிஸ் பின்னர் 1607 முதல் 1609 வரை போர்த்துகீசிய இந்தியாவின் ஆளுநராகவும் இருந்தார் என்பதை நோக்கினால், இரு அதிகாரங்களும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பது விளங்கும்.

கடைசிக் கல்தேய (மெசபொத்தாமிய) ஆயரான மார் ஆபிரகாம் 1597இல் இறந்ததும் மெனசிஸ் நேரில் புறப்பட்டு வந்து, 1599 ஜூன் 20 முதல் 26 வரை கொச்சிக்கு அருகிலுள்ள உதயம்பேரூரில் ஒரு திருச்சபைப் பேரவையைக் கூட்டினார். 153 குருமாரும் 660 பொதுமக்களும் கலந்துகொண்டனர். தீர்மானங்கள் கூட்டம் தொடங்குமுன்பே போர்த்துகீசிய மொழியில் எழுதப்பட்டுவிட்டன. மலையாளத்தில் வாசித்துக் காட்டி ஒப்புதல் பெறுவதே நடந்தது. பாபிலோன் மறைமுதல்வரின் பெயரை வழிபாட்டில் சொல்லக் கூடாது, மணமான குருமார் மனைவியரை நீங்க வேண்டும், திருத்தூதர் தோமா தந்த நெறி வேறு பேதுரு தந்த நெறி வேறு என்று கூறுவது பிழை என்றெல்லாம் விதிக்கப்பட்டது. சிரியாக் ஏடுகள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்ற ஆணைதான் மிகக் கொடியது. சில ஏடுகளில் வரிகள் அடிக்கப்பட்டன, பல தீயிலிடப்பட்டன. அச்சமூகம் தன்னைப் பற்றி எழுதி வைத்திருந்தவற்றில் எவ்வளவு அழிந்தது என்று இனி அளவிட வழியில்லை. இன்று அதன் பழைய வழக்கங்களை அறிய ஆய்வாளர் நாடும் முதன்மை ஆவணங்களுள் ஒன்றாக, அவற்றைத் தடைசெய்த அந்தத் தீர்மானங்களே இருக்கின்றன.

அடுத்த அரை நூற்றாண்டு இயேசு சபை ஆயர்களுக்கும் அர்க்கதியாக்கோன்களுக்கும் இடையிலான பூசலில் கழிந்தது. 1652இல் அகத்தல்லா என்ற கீழ்த்திசை ஆயர் மயிலாப்பூர் வந்துசேர்ந்தபோது, அங்கிருந்த இயேசு சபையார் அவரைத் தங்கள் இல்லத்தில் அடைத்து வைத்தனர். தோமாவின் கல்லறைக்கு யாத்திரை வந்திருந்த மலையாளத் திருத்தொண்டர்கள் அவரைச் சந்தித்து, அவர் கொடுத்த கடிதத்துடன் ஊர் திரும்பினார்கள். அவரை ஏற்றிய கப்பல் கொச்சியில் நின்றபோது, அவரைக் காட்டும்படி திரண்டு வந்து கேட்டவர்களுக்குக் கோட்டைக் கதவு திறக்கப்படவில்லை. அவர் கோவாவுக்கும் பின்னர் ஐரோப்பாவுக்கும் அனுப்பப்பட்டார். ஆனால் கடலில் மூழ்கடித்துக் கொன்றுவிட்டார்கள் என்ற வதந்திதான் கரையெங்கும் பரவியது. உண்மையை மறைத்தவர்களுக்கு அதை மறுத்துச் சொல்லி நம்பவைக்கும் தகுதி இருக்கவில்லை. 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில், கற்சிலுவையில் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, இனி இயேசு சபை ஆயருக்குக் கீழ்ப்படிவதில்லை என்று மக்கள் ஆணையிட்டனர். மறுத்தது இயேசு சபையாரையா, உரோமையையேவா என்பதில் இன்றும் இருதரப்பார் கணக்கும் ஒத்துவரவில்லை.

மறைப்பு ஒரு தரப்பின் தனியுடைமையாகவும் இருக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் ஆலங்காட்டில் பன்னிரு குருமார் கைகளை வைத்து அர்க்கதியாக்கோன் தோமாவை ஆயராக்கினார்கள். ஆயரை ஆயரே திருநிலைப்படுத்த முடியும் என்பது பொதுவிதியாதலால், அகத்தல்லாவே இதற்கு அனுமதி எழுதினார் என்று ஒரு கடிதம் காட்டப்பட்டது. அது போலி என்ற ஐயத்தை வரலாற்றாசிரியர் பலர் எழுப்பியிருக்கிறார்கள்.

உரோமை அனுப்பிய கார்மல் சபைத் துறவி செபஸ்தியானி சமரசம் பேசிக்கொண்டிருந்தபோதே போர் குறுக்கிட்டது. 1663 ஜனவரியில் கொச்சியைப் பிடித்த டச்சுக் கம்பெனி, ஐரோப்பியக் கத்தோலிக்கக் குருமாரை வெளியேறச் சொன்னது. செபஸ்தியானி புறப்படுமுன் தோமாவின் உறவினரான பறம்பில் சாண்டியை உரோமையை ஏற்ற தரப்புக்கு ஆயராக்கிவிட்டுப் போனார். பிளவு இருதரப்பிலும் உள்ளூர் ஆயர்களோடு நிலைபெற்றது. கால்வின் நெறியைச் சேர்ந்த டச்சுக்காரருக்கு உண்மையான இலக்கு மிளகு; அதனால்தான் சில ஆண்டுகளிலேயே மத்தேயு என்ற கார்மல் துறவி, கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் தாவர நூலுக்கு உதவ முடிந்தது. போரை மதம் மூட்டியது என்று இங்கே சொல்ல இயலாது. மூண்ட போரை மத அமைப்புகள் தத்தம் எல்லையை வரையப் பயன்படுத்திக்கொண்டன.

அதன்பின் நடந்ததுதான் மெய்யாக வியக்கத்தக்கது. கிறிஸ்துவின் இறையியல்பையும் மனிதவியல்பையும் மிகையாகப் பிரித்தவர் என்று கண்டிக்கப்பட்ட நெஸ்தோரியசைப் பின்பற்றுவோர் என்பதே உதயம்பேரூரில் இச்சமூகத்தின்மேல் சுமத்தப்பட்ட குற்றம். 1665இல் தோமாவின் தரப்பு வரவேற்ற மார் கிரிகோரியோசோ, அவ்விரண்டும் ஒரே இயல்பாக ஒன்றியவை என்று கொள்ளும், நெஸ்தோரியசுக்கு நேர் எதிரான அந்தியோக்கியத் திருச்சபையைச் சேர்ந்தவர். கோட்பாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்வது பெரிய சச்சரவின்றிப் படிப்படியாக நடந்தேறியது. எந்த இறையியலுக்காக ஏடுகள் எரிந்தனவோ அதன் பொருட்டு மக்கள் கயிற்றைப் பிடிக்கவில்லை. யார் தமக்கு ஆயரை அனுப்புவது, தேவாலயச் சாவி யார் கையில் இருப்பது என்பவையே அவர்களைத் திரட்டின.

அந்தக் கேள்வி நூற்றாண்டுகளைக் கடந்து நீதிமன்றங்களை வந்தடைந்தது. 1889இல் திருவிதாங்கூர் அரச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து மார்த்தோமாத் திருச்சபை தனிவழி கண்டது; 1912இல் மீந்தவர்களும் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபியர் என்று பிரியத் தொடங்கினர். இவ்விரு பிரிவினருக்கும் வழிபாட்டு முறை ஒன்றே, நம்பிக்கை அறிக்கை ஒன்றே. அந்தியோக்கிய மறைமுதல்வருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதில்தான் வழக்கு. 2017இல் உச்ச நீதிமன்றம் 1934ஆம் ஆண்டின் அமைப்பு விதிகளே தேவாலயங்களை ஆளும் என்று ஆர்த்தடாக்ஸ் தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தபின், இறந்தோரைக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்வதே பல ஊர்களில் தகராறாயிற்று. எத்தரப்பினராயினும் தம் முன்னோர் உறங்கும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்படும் உரிமையைக் காக்க, கேரள அரசு 2020இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.