முதலுக்கே மோசம்

திருப்பாதிரிப்புலியூர்க்காரர்களுக்கு இந்தக் கதையை யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள். கல்லே தெப்பமாக மிதந்தது. அவர் கரை சேர்ந்த இடம்தான் கரையேறவிட்டகுப்பம்.

அது ஐதீகம். ஆனால், முதுகில் கல் மாதிரி ஓட்டைச் சுமந்துகொண்டு இந்தக் கரையில் வருஷா வருஷம் நிஜமாகவே ஏறுகிற ஜீவன் ஒன்று உண்டு. தை, மாசி ராத்திரிகளில் தேவனாம்பட்டினம் பக்கம் போங்கள். அதிர்ஷ்டமிருந்தால் பார்க்கலாம். பங்குனி ஆமை.

வாழ்வது தண்ணீரில். ஆனால் பாம்பு, பல்லி ஜாதி. நுரையீரல்தான். மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். முட்டைக்கும் காற்று வேண்டும், அதனால் மணலுக்கு வந்தாக வேண்டும்.

நம் நாட்டில் எந்த ஆமை எந்தக் கரையில் ஏறுகிறது என்ற கணக்கு எப்படி வந்தது? பெரும்பகுதி ஒரே மனிதர் நடந்து எழுதியது. பெயர் சதீஷ் பாஸ்கர்.

சென்னை ஐ.ஐ.டி.யில் எஞ்சினீயரிங் சேர்ந்தவர். மனசு கடற்கரையில் கிடந்தது. கிண்டி பாம்புப் பண்ணையை ஆரம்பித்த ரோமுலஸ் விட்டேகரின் பழக்கம் கிடைத்தது. அவ்வளவுதான், படிப்பு போயிற்று. இந்தியக் கடலோரத்தில் அவர் நடந்த தூரம் 4,000 கிலோமீட்டருக்கு மேல்.

லட்சத்தீவில்தான் சிக்கல். அங்கே பேராமைகள் முட்டையிடுவது தென்மேற்குப் பருவமழையில். அந்த மாதங்களில் படகு ஓடாது. ஆளில்லாத சுஹேலி தீவுக்கு மழைக்கு முன்னால் போனால், மழை முடிந்துதான் திரும்ப முடியும். மனுஷன் போக முடியாத சமயம் ஆமைக்கு நல்ல சமயம்!

1982-ல் பாஸ்கர் சாப்பாட்டுச் சாமான்களோடு போய் இறங்கினார். படகு திரும்பிவிட்டது. சுமார் ஐந்து மாதம். ஜுரம் வந்தாலும் தனியாகத்தான் கிடக்க வேண்டும்.

ராத்திரி ஏறும் ஆமை மணலில் டிராக்டர் போன மாதிரி தடம் விட்டுப் போகும். தடத்தைப் பார்த்தே இனம் சொல்லலாம். பேராமை முன்துடுப்பு இரண்டையும் சேர்த்து உந்தும். பங்குனி ஆமை மாற்றி மாற்றி வைக்கும். முட்டையிடும்போது அது அழுகிறது என்பார்கள். அழுகையும் இல்லை, முதலைக் கண்ணீரும் இல்லை. உடம்பில் சேர்ந்த உப்பைக் கண்ணோரச் சுரப்பி வெளியேற்றுகிறது. மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண்.

அந்த ஜூலையில் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். தபால்பெட்டிக்கு எங்கே போவது? பாட்டிலில் போட்டுக் கடலில் எறிந்தார். 24 நாள் கழித்து, 800 கிலோமீட்டருக்கு அப்பால், இலங்கை மீனவர் ஒருவர் அதை எடுத்துத் தபாலில் சேர்த்தார். ஆமைக்குஞ்சுகளும் முதல் சில வருஷம் இப்படித்தான், நீரோட்டம் கொண்டுபோன பக்கம் போகின்றன.

நான் பி.காம். எனக்கு வட்டி, முதல் என்று சொன்னால்தான் புரியும். ஒரு குழியில் சுமார் நூறு முட்டை. ஒரே பருவத்தில் சில தடவை. குஞ்சுகளை நண்டு தின்னும், காக்கை தின்னும், மீன் தின்னும். ஆயிரத்தில் ஒன்று பெரிசாகுமா என்பதே சந்தேகம். ஆனாலும் ஆமை கோடிக்கணக்கான வருஷமாக நொடித்துப் போகவில்லை. ஏன்? குஞ்சு வட்டி. வட்டி நஷ்டமானால் தாங்கும். தாய் ஆமைதான் முதல். பேராமை பருவத்துக்கு வர 20, 30 வருஷம்கூட ஆகும். அதற்கப்புறம் பல வருஷம் முட்டையிடும்.

இப்போது கை வைப்பது அந்த முதலில். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. விசைப்படகின் இழுவலையில் சிக்கினால் மூச்சுக்கு மேலே வர வழியில்லை. வலையில் ஆமை தப்பிக்க ஒரு கதவு வைக்கலாம். கருவி இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. வலையில்தான் இல்லை.

கடலூரில் வனத்துறை முட்டைகளைப் பொறுக்கிப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. நல்ல காரியம். குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஆனால் அது வட்டிக் கணக்கு.

பாஸ்கர் 2023-ல் காலமானார். அவர் எழுதிவைத்த பேரேடு இருக்கிறது. முதலைக் காப்பாற்றுவது நம் பாடு.