வழிப்போக்கரின் தோள்

சிரேன் ஊர் சீமோன் சிலுவையைச் சுமக்க விரும்பி வந்தவர் அல்லர். வழியே சென்றவரைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினர். அவர் தோள் கொடுத்தார். 2011-இல் வெளிவந்த ‘இன்டச்சபிள்ஸ்’ என்னும் பிரெஞ்சுத் திரைப்படத்தின் பின்னுள்ள வரலாறு அவரையே நினைவூட்டுகிறது.

பிரபு குடும்பத்தவரும் பொம்மெரி ஷாம்பெயின் நிறுவனத்தின் பொறுப்பாளருமான பிலிப் பொஸ்ஸோ தி போர்கோ, 1993-இல் பாராகிளைடிங் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். நோயுற்றிருந்த மனைவியும் 1996-இல் மறைந்தார்.

அல்ஜீரியாவில் பிறந்து பாரிசில் வளர்ந்த அப்தெல் செல்லு, சிறை சென்று மீண்ட ஏழை இளைஞர். வேலையற்றோர் உதவித்தொகைக்குத் தேவையான கையொப்பம் பெறவே பிலிப்பின் மாளிகைக்கு வந்தார். வந்தவரைப் பிலிப் பணியில் அமர்த்தினார். பரிதாபப்படத் தெரியாத அந்த இளைஞர் அவரை நோயாளியாக அன்றி மனிதராகவே நடத்தினார். ஏறத்தாழ 10 ஆண்டுகள் உடனிருந்தார். ஊதியத்தில் தொடங்கிய உறவு நட்பாயிற்று.

2001-இல் பிலிப் எழுதிய நூலே திரைப்படத்திற்கு வித்து. படத்தில் அப்தெல், செனகல் நாட்டு வம்சாவளியினரான திரிஸ் ஆனார். 2016-இல் அக்கதை தமிழில் ‘தோழா’ என வந்தது.

பிரெஞ்சுப் படத்தின் வருவாயில் ஒரு பங்கு, மாற்றுத்திறனாளிகளும் பிறரும் ஒரே இல்லத்தில் கூடிவாழ வழிசெய்யும் அமைப்புக்குச் சென்றது. அதன் பெயர் ‘சிரேன் ஊர் சீமோன்’!

2023-இல் பிலிப் மறைந்தார். தூய நோக்கத்தோடு வருபவர் மட்டுமே துணையாவார் என நாம் எண்ணுகிறோம். கையொப்பத்திற்காக வந்தவரும் தோள் கொடுக்கக்கூடும். கதவைத் திறப்பவர் வேண்டும்.