ஸ்பேஸ் ஷட்டில்: கணக்கு எங்கே உதைத்தது?

ஒரே தடவை ஓட்டிய லாரியை உடைத்துப் போட்டுவிட்டு அடுத்த லோடுக்குப் புது லாரி வாங்கினால் எந்த முதலாளிக்குக் கட்டுப்படியாகும்? ராக்கெட் விஷயத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. 1972-ல் அமெரிக்க அரசு ஸ்பேஸ் ஷட்டில் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது நாசா சொன்ன கணக்கு அழகாக இருந்தது. விமானம் மாதிரி தரையிறங்கும், இரண்டே வாரத்தில் தயாராகி மறுபடி கிளம்பும், ஒரு பயணத்துக்குச் சுமார் 1 கோடி டாலர் செலவு.

முதல் அடி ஓட்டில் விழுந்தது. பூமிக்குத் திரும்பும்போது வரும் வெப்பத்தைத் தாங்க, கொலம்பியா கலத்தின் மேல் 30,000-க்கும் அதிகமான சிலிக்கா ஓடுகள். ஒவ்வொன்றும் தனி வடிவம், தனி நம்பர். 1979 மார்ச்சில் ஒரு 747 விமானத்தின் முதுகில் அதை ஏற்றியபோது பல ஓடுகள் கழன்று விழுந்தன. அதன் பிறகு புளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்தின் கொட்டகையில் 600 நாட்களுக்கு மேல் கிடந்தது. கையால் ஒவ்வொரு ஓடாகப் பிரித்து ஒட்டும் வேலை!

1981 மார்ச் 19 அன்று, ஒரு ஒத்திகை முடிந்து, நைட்ரஜன் நிரம்பியிருந்த பின்புற எஞ்சின் அறைக்குள் தொழிலாளர்கள் நுழைந்தார்கள். உள்ளே மூச்சுவிடக் காற்று இல்லை. சில வாரங்களுக்குள் இருவர் இறந்தார்கள். இன்னும் ஒரு தடவைகூடப் பறக்காத கலம் அது. ஏப்ரல் 12-ல் அது வெற்றிகரமாகக் கிளம்பியபோது உலகம் பார்த்தது இரண்டு விண்வெளி வீரர்களை மட்டும்தான்.

சரி, திரும்பி வந்த கலத்துக்கு என்னென்ன வேலை? மிச்சமிருக்கும் விஷ எரிபொருளை வடிக்க வேண்டும். அதற்கு முழு உடல் கவச உடை. ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தண்ணீர் இறங்காமலிருக்க மருந்தை ஊசியால் ஏற்ற வேண்டும். பிரதான எஞ்சின்கள் மூன்றையும் வழக்கமாகக் கழற்றிச் சோதிப்பார்கள். பக்கவாட்டு பூஸ்டர்களைக் கப்பல்கள் கடலிலிருந்து இழுத்து வரும். பிரித்த துண்டுகள் ரயிலில் யூட்டா மாநிலம் போய் எரிபொருள் நிரப்பிக்கொண்டு வரும்.

இத்தனையும் இரண்டு வாரத்திலா? 1985-ல் அட்லாண்டிஸ் இரண்டு ஏவுதல்களுக்கு நடுவே எடுத்துக்கொண்ட 54 நாட்கள்தான் கடைசிவரை சாதனை. அந்த ஆண்டு 9 பயணங்கள். அதற்கு மேல் எந்த ஆண்டும் போகவில்லை. ஆனால் நாசாவின் இலக்கோ 1990-க்குள் ஆண்டுக்கு 24! உதிரி பாகம் கிடைக்காமல் ஒரு கலத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டினார்கள். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் வெடித்து 7 பேர் இறந்தபின், விசாரணைக் குழு பூஸ்டர் இணைப்பின் ரப்பர் வளையத்தோடு இந்த அவசரத்தையும் குற்றம் சொன்னது.

அதன்பின் நிதானம் வந்தது. மிக வேகமானது 1997-ல் கொலம்பியாவின் 88 நாட்கள். அதுவும், மின்கலக் கோளாறால் பாதியில் திரும்பிய அதே குழுவையும் அதே ஆய்வுக்கூடத்தையும் மறுபடி அனுப்பியதால்தான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. ஆயிரக்கணக்கான ஊழியர்கள், கொட்டகைகள், கிரேன்கள் எல்லாம் நிலையான செலவு. 24 பயணங்களுக்கு வகுத்தால் சின்னத் தொகை, நாலைந்துக்கு வகுத்தால் மலை. கலம் திரும்பி வந்தது நிஜம். செலவு அதைத் தயார் செய்யும் கைகளில் இருந்தது. 2011 ஜூலையில் 135-வது பயணத்தோடு திட்டம் முடிந்தபோது, நாசா சொன்ன சராசரி ஒரு பயணத்துக்குச் சுமார் 45 கோடி டாலர்.