பாலிகா பஜார்

பாலிகா பஜார் என்பது புது தில்லியின் கன்னாட் பிளேஸ் பகுதியில் தரைக்கு அடியில் அமைந்த கடைத்தெரு ஆகும். குளிர்சாதன வசதி கொண்ட இதில் எண்ணிடப்பட்ட சுமார் 380 கடைகள் உள்ளன. இந்தியில் நகராட்சியை 'நகர் பாலிகா' என்பர். புது தில்லி நகராட்சி அமைத்ததால் இப்பெயர் வந்தது.

நிலத்தடிக் கடைத்தெருக்களுக்குப் பெயர் பெற்ற நாடு ஜப்பான். சப்போரோ நகரில் 1972 குளிர்கால ஒலிம்பிக் போட்டியை ஒட்டி, 1971இல் சுரங்க ரயிலும் நிலத்தடிக் கடைத்தெருவும் திறக்கப்பட்டன. அங்கே மக்களைக் கீழே இறக்கியது பனி. தில்லியில் ஏது பனி? இங்குள்ள கதை வேறு.

பஜார் அமைந்துள்ள இடத்தில் முன்பு இந்தியன் காபி ஹவுஸ் இருந்தது. 1950களில் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர்கள், ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாங்களே நடத்தத் தொடங்கினர். எழுத்தாளர்களும் பத்திரிகையாளர்களும் தொழிற்சங்கத்தாரும் ஒரு கோப்பை காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அரசியல் பேசிய இடம் அது. விலை மலிவு, யாரும் எழுந்து போகச் சொல்வதில்லை. 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அரசை விமர்சிக்கும் பேச்சு குற்றமாகிவிட்ட அந்நாளில், 1976இல், காபி ஹவுஸ் இடிக்கப்பட்டது. சஞ்சய் காந்தியின் விருப்பப்படியே இது நடந்ததாகத் தில்லியில் இன்றும் சொல்லப்படுகிறது. நகர மேம்பாடு என்று காரணம் கூறினாலும், இடிக்கப்பட்ட காலத்தை ஒதுக்கிவிட்டு இதைப் பார்க்க இயலாது.

1970களின் இறுதியில் அவ்விடத்தில் பஜார் திறக்கப்பட்டது. மேலே புல்வெளி, கீழே கடைகள். மேலே கட்டடம் எழும்பாததால் கன்னாட் பிளேஸின் வெண்தூண் வரிசைகள் மறையவில்லை. இதைக் குறிப்பிடாமல் விடுவது நியாயமன்று. வெளியூரிலிருந்து வந்தவர்கள் கொளுத்தும் வெயிலிலிருந்து படியிறங்கிக் குளிர்ந்த காற்றை அனுபவித்ததே அன்று புதுமை. துணிமணி, கைக்கடிகாரம், பின்னர் ஒளிப்பேழைகள், கணினி விளையாட்டுகள் என விற்பனை மாறியது. பேரம் பேசுவதில் நம்மூர் வாரச்சந்தையெல்லாம் இதனிடம் தோற்கும். போலிச் சரக்குகள் பெருகியதால், அமெரிக்க அரசு வெளியிடும் கள்ளச்சரக்குச் சந்தைகளின் பட்டியலிலும் இதன் பெயர் இடம்பெற்றது.

2005இல் அருகிலேயே ராஜீவ் சவுக் மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது. குளிரூட்டிய பெருங்கடைகள் நகரெங்கும் வந்துவிட்டதால் பஜாரின் பழைய கவர்ச்சி குறைந்தது.

காபி ஹவுஸ் பாபா கரக் சிங் சாலையில் உள்ள மோகன் சிங் பிளேஸ் கட்டடத்தின் மேல்தளத்துக்கு இடம்பெயர்ந்தது. பாலிகா பஜாரிலிருந்து அங்கு நடந்தே போய்விடலாம்.