1939ஆம் ஆண்டு சென்னை விற்பனை வரியும் சிறுகடைக் கணக்கும்

சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் 1939ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பிரித்தானிய இந்தியாவில் பெரும்பாலான பொருள்களின் விற்பனைக்குப் பொதுவாக வரி விதித்த முதல் மாகாணச் சட்டம் இதுவே. இதற்கு முந்தைய ஆண்டில் மத்திய மாகாணம் ஒரு விற்பனை வரியைக் கொண்டுவந்திருந்தது. ஆனால் அது பெட்ரோலுக்கும் மசகெண்ணெய்க்கும் மட்டுமே உரியது. உப்பு, புளி விற்கும் கடைக்காரரின் கணக்குப் புத்தகம் வரி அலுவலரின் மேசைக்கு வரத் தொடங்கியது சென்னைச் சட்டத்தின் பிறகுதான்.

வரிக்கான காரணம்

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராகப் பொறுப்பேற்றார். நிதித் துறையும் அவரிடமே இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர் வேறு சில மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. கள், சாராயம் மூலம் வந்த ஆயத்தீர்வை மாகாண வருவாயின் பெரிய தூண்களில் ஒன்று. அந்தத் தூணை எடுத்தால் வேறொன்றை நிறுத்த வேண்டும். வருமான வரி விதிக்கும் உரிமை மாகாணத்திடம் இல்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் பொருள் விற்பனை மீது வரி விதிக்கும் உரிமையை மாகாணங்களுக்குத் தந்திருந்தது. அந்த உரிமையையே ராஜாஜி பயன்படுத்தினார். வணிகர்கள் எதிர்த்தனர், சட்டம் நிறைவேறியது.

கடைக்காரரின் பழைய ஏடுகள்

வணிகர்களுக்குக் கணக்கு எழுதத் தெரியாது என்று எண்ணுவது தவறு. அன்றாடக் கொடுக்கல் வாங்கலைச் சிட்டையில் குறித்து, பின்னர் ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவது நெடுநாள் வழக்கம். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நடத்திய வட்டிக்கடைகளில் பேரேட்டைச் சரிபார்த்து ஐந்தொகை எடுத்தனர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘ஐந்தொகை’ என்ற அந்தச் சொல் பிற்காலத்திலும் நிலைத்திருந்தது.

ஆனால் அந்த ஏடுகளின் நோக்கம் வேறு. யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையே அவை காட்டின. ரொக்கத்துக்கு அரைப்படி அரிசி வாங்கிச் சென்றவரின் பெயரை எழுத வேண்டிய தேவை இல்லை. மாலையில் கல்லாப்பெட்டியை எண்ணினால் போதும். புதிய சட்டம் கேட்டதோ ஆண்டின் மொத்த விற்பனைத் தொகை. பெரும்பாலான சிறுகடைகளின் ஏட்டில் இல்லாத எண் அதுதான்.

சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. வணிகர் வழக்கமாக எழுதிவரும் கணக்கிலேயே கொள்முதலும் விற்பனையும் புரியும்படி இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் மட்டும் விதித்த படிவத்தில் எழுத வேண்டும். இது நியாயமான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

மாதம் 5 ரூபாய்

ஆண்டு விற்பனை 10,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் வரி இல்லை. 10,000 முதல் 20,000 வரை மாதம் 5 ரூபாய். 20,000க்கு மேல் போனால் மொத்த விற்பனையில் அரை விழுக்காடு, அதாவது 100 ரூபாய்க்கு 8 அணா. சட்டம் இயற்றப்பட்டபோது இருந்த விகிதங்கள் இவை; பின்னர் பலமுறை மாறின.

இவற்றைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஒன்று புலப்படும். மாதம் 5 என்றால் ஆண்டுக்கு 60 ரூபாய். 12,000 ரூபாய்க்கு விற்றவருக்கு அது சரியாக அரை விழுக்காடு. 10,000க்கு விற்றவருக்கோ 0.6 விழுக்காடு, 20,000க்கு விற்றவருக்கு 0.3 மட்டுமே. ஆக, நிலைத்தொகை கட்டியவர்களில் மிகச் சிறியவரே விகிதப்படி அதிகம் கட்டினார். 20,000ஐத் தாண்டியதும் வரி 60இலிருந்து 100 ரூபாய்க்குத் தாவியது. எல்லைக்கோட்டின் அருகே இருந்த கடைக்காரருக்கு ஆண்டுக் கடைசி விற்பனையைச் சிட்டையில் எழுதலாமா வேண்டாமா என்ற சபலம் வந்திருந்தால் வியப்பில்லை. என்றாலும் நிலைத்தொகைக்கு ஒரு பயன் உண்டு. விற்பனை அந்த இரண்டு எல்லைகளுக்குள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அணா பைசா வரை துல்லியம் தேவையில்லை.

கணக்குக் காட்டாதவருக்கும், காட்டிய கணக்கை அலுவலர் நம்பாத இடத்திலும், அலுவலர் தம் அறிவுக்கு எட்டியபடி விற்பனையை மதிப்பிட்டு வரி விதிக்கலாம். இந்த அதிகாரம் பிற்கால விற்பனை வரிச் சட்டங்களிலும் தொடர்ந்தது. மதிப்பீடு மனம்போன போக்கில் இருக்கக் கூடாது, அதற்கு ஓர் அடிப்படை வேண்டும் என்று நீதிமன்றங்கள் பின்னாளில் வலியுறுத்தின. அந்த அடிப்படையை மறுத்துப் பேச வணிகருக்கு இருந்த சிறந்த சான்று ஒழுங்காக எழுதிய ஏடுதான்.

உழவரும் எண்ணெய் ஆலையும்

தம் நிலத்தில் விளைந்ததை விற்ற உழவரின் தொகை விற்பனைக் கணக்கில் சேராது. நிலக்கடலை போன்ற பொருள்களில் விதிகள் வாங்கும் வணிகரின் கொள்முதல் தொகையையே கணக்கில் எடுத்தன. ஆயிரக்கணக்கான உழவரிடம் ஏடு கேட்பதைவிட ஒரு மண்டிக்காரரிடம் கேட்பது எளிது.

நிலக்கடலையிலிருந்து எண்ணெயும் பிண்ணாக்கும் எடுத்தவர்களின் வழக்கு ஒன்று கூட்டாட்சி நீதிமன்றம் வரை சென்றது. உற்பத்தியாளர் செய்யும் முதல் விற்பனைக்கு வரி விதித்தால் அது நடுவண் அரசுக்குரிய உற்பத்தித் தீர்வை ஆகாதா என்பதே கேள்வி. பொருள் உற்பத்தியானதற்காக விதிப்பது தீர்வை, விற்றதற்காக விதிப்பது விற்பனை வரி என்று பிரித்துக் காட்டி, 1942இல் நீதிமன்றம் மாகாணத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

பிற்காலம்

1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. அதை ஈடுகட்ட வந்த வரியை நிறுத்தவில்லை. மற்ற மாகாணங்களும் இதே வழியில் சென்றன. 1959இல் புதிய சட்டம் பழையதன் இடத்தைப் பிடித்தது. 2007 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரியும், 2017 ஜூலை 1 முதல் நாடெங்கும் சரக்கு மற்றும் சேவை வரியும் வந்தன.

இன்று தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்கும் கடைக்கு, சில விலக்குகள் நீங்கலாக, ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். 1.5 கோடி வரை விற்கும் வணிகர் இணக்க வரித் திட்டத்தில் சேர்ந்து 1 விழுக்காடு கட்டலாம். பழைய மாதம் 5 ரூபாயின் வழித்தோன்றலாக இதைக் கருதலாம். ஆனால் இத்திட்டத்தில் சேர்ந்தவர் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்க முடியாது. கொள்முதலில் கட்டிய வரியையும் கழிக்க முடியாது. பதிவு பெற்ற வணிகர் ஆண்டறிக்கைக்கு உரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கேடுகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும்.