எண்ணெய்க் கிணறும் ஏற்றப் பொறிகளும்



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளியில் ஒரு கிணறு உண்டு. மழை பொய்த்த ஓராண்டில் அதன் நீர்மட்டம் 30 அடிக்கும் கீழே இறங்கிவிட்டது. கரையின்மேல் வைக்கும் மின்சாரப் பம்பு ஒன்றை வாங்கி நிறுவினேன். மோட்டார் ஓடிற்று, தண்ணீர் வரவில்லை. கிணறு வெட்டும் முதியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது மேலே இருந்து இழுக்கிற தண்ணி இல்லீங்க, கீழே இறங்கித் தள்ளணும்” என்றார். காற்றின் அழுத்தம் நீரை ஏறத்தாழ 34 அடிக்குமேல் உயர்த்தாது என்பதையும், நடைமுறையில் 25 அடியே அரிது என்பதையும் வகுப்பில் பல்லாண்டுகள் கற்பித்தவன் நான்! பள்ளிப் பணம் வீணாயிற்று. அந்த வெட்கமே, பன்னூறு அடி ஆழத்திலிருந்து எண்ணெயை ஏற்றிய மனிதரின் வரலாற்றைத் தேடிப் படிக்குமாறு என்னைத் தூண்டியது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து டைட்டஸ்வில் என்னும் ஊரில், 1859 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், எட்வின் டிரேக் என்பவர் தோண்டுவித்த கிணற்றில் எண்ணெய் ஊறியது. அதன் ஆழம் சுமார் 69 அடி. எண்ணெய் பீறிட்டு எழவில்லை. குழாயில் மெல்ல ஏறி நின்றது. ஒரு கைப்பம்பைக் கொண்டே அதனை மேலே கொணர்ந்தனர். ஆகவே எண்ணெயை ஏற்றும் கலை, அத்தொழிலின் முதல் நாளிலேயே பிறந்தது எனலாம்.

பின்னர் மனிதர் அதனைச் சிறிது மறந்தனர். காரணம், தாமாகவே பீறிடும் கிணறுகள் கிடைத்தமையே. 1901 ஜனவரி 10 அன்று டெக்சாஸ் மாநிலத்து ஸ்பிண்டில்டாப் குன்றில், கேப்டன் அந்தோணி லூகாஸின் கிணறு நூறடிக்கும் மேலாக எண்ணெயை உமிழ்ந்தது. நாளொன்றுக்கு 1,00,000 பீப்பாய் என மதிப்பிட்டனர். அதனை அடக்க ஒன்பது நாட்கள் ஆயின.

இவ்வாறு எண்ணெய் எழுவது ஏன்? சோடாப் புட்டியைத் திறந்தால் நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டிருப்பீர்கள். பாறையின் நுண்துளைகளில் அடைபட்ட எண்ணெயிலும் அவ்வாறே வாயு கரைந்துள்ளது. அவ்வாயுவே அதனைத் தள்ளும் வலிமை. இதனை உணராதோர் நெருக்கமாகக் கிணறுகளைத் தோண்டினர். வாயுவை வீணே வெளியேற விட்டனர். 1902 இல் ஆண்டுக்கு 1 கோடியே 75 இலட்சம் பீப்பாய் தந்த ஸ்பிண்டில்டாப், 1904 இல் நாளொன்றுக்குப் பத்தாயிரம் பீப்பாயளவுக்குத் தாழ்ந்தது. பெருஞ்செல்வம் பாறைக்குள்ளேயே தங்கிற்று. தள்ளும் வலிமை ஒழிந்தபின் பொறியின் துணை வேண்டியதாயிற்று.

பழைய பொறி, மேலும் கீழும் ஆடும் உத்தரம். அதன் முனையிலிருந்து நீண்ட இரும்புக் கோல் கிணற்றின் அடிவரை சென்று, அங்குள்ள பம்பை இயக்கும். கோலின் சுமையோ மிகுதி. 1925 இல் டெக்சாஸின் லஃப்கின் ஊரைச் சேர்ந்த வால்டர் டிரவுட் என்பவர் சுழலும் எதிர்ச்சுமையை அமைத்து அச்சுமையைச் சமன் செய்தார். நம் ஏற்றமரத்தின் பின்முனையில் கல் கட்டும் நுட்பமும் இதுவேயன்றோ? எளிமை இதன் சிறப்பு. ஆனால் வளைந்த கிணற்றில் கோல் குழாயோடு உராய்ந்து தேயும். வாயு மிகுந்தால் பம்பு வெறுமனே ஆடும்.

வேறு சிலர், வலிமை இழந்த எண்ணெய்க்கு அதனையே மீண்டும் ஊட்டினர். 1860களிலேயே பென்சில்வேனியாவில் அழுத்திய காற்றைக் கிணற்றுள் செலுத்தியதுண்டு. காற்று எண்ணெய் வாயுவோடு கலந்தால் வெடிக்கும் அபாயம் உண்டாதலின், பிற்காலத்தார் இயற்கை வாயுவையே செலுத்தினர். குமிழிகளால் எண்ணெய் இலேசாகி மேலெழும். மணலும் வளைவும் இம்முறைக்கு அத்துணைத் தடையல்ல. வாயுவும் அதனை அழுத்தும் இயந்திரமும் வேண்டும்.

மூன்றாவது வழியைக் கண்டவர், டிஃப்லிஸ் நகரில் 1893 இல் பிறந்து, 1923 இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆர்மாயிஸ் அருட்யூனோஃப். சில அங்குல அகலமுள்ள குழாய்க்குள் மின்சார மோட்டாரையே இறக்க முயன்றார் அவர். இயலாது என்று மறுத்தவர் பலர். எனினும் 1920களின் இறுதியில் கான்சாஸ் மாநிலத்துக் கிணற்றில் அது வெற்றி கண்டது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான பீப்பாய்களை ஏற்ற இது வல்லது. மணலும் வாயுவும் இதன் பகைவர்கள். பழுதுற்றாலோ முழுவதையும் வெளியே இழுக்க வேண்டும். கூழ்போல் தடித்த, மணல் கலந்த எண்ணெய்க்கு, ரெனே மொயினோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1930களில் உருவாக்கிய திருகுப் பம்பு பிற்காலத்தில் கைகொடுத்தது.

இவற்றுள் சிறந்தது எது என்று கேட்பீர்கள். அவ்வினாவே பிழையானது. கிணற்றின் ஆழம் எவ்வளவு, எவ்வளவு எண்ணெய் ஊறுகிறது, வாயுவும் மணலும் உண்டா, அருகில் மின்சாரம் கிடைக்குமா என்று முதலில் வினவ வேண்டும். ஒரே கிணறு இளமையில் தானே பொங்கும். நடுவயதில் வாயு நாடும். முதுமையில் ஆடும் உத்தரம் போதும். ஆதலின் தேர்வும் ஒருமுறையோடு முடிவதன்று.

அன்று நான் பம்பின் விலையைக் கேட்டேன். கிணற்றின் நிலையைக் கேட்கவில்லை. எழுத்தறியாத அம்முதியவர் கிணற்றைக் கேட்டார். நீங்கள் பொறியியல் கற்கலாம், மருத்துவம் கற்கலாம், ஆசிரியராகவும் வரலாம். கருவியைக் கையில் எடுக்குமுன், அது எதற்குப் பயன்பட வேண்டுமோ அதனை நன்கு உற்று நோக்குங்கள்.