மலைநாட்டிலே ஊரும் லயமும்

'ஊர்' என்னுஞ் சொல் மலைநாட்டுத் தோட்டங்களில் முந்திய தலைமுறையினர் வாயில் தாம் வாழ்ந்த இடத்தைக் குறித்ததில்லை. 'ஊருக்குப் போதல்' என்றால் கடல் கடந்து திருச்சிராப்பள்ளிக்கோ சேலத்துக்கோ இராமநாதபுரத்துக்கோ போதல் என்றே பொருள். அயலிலிருந்த சிங்களக் கிராமத்தை அவர்கள் 'நாடு' என்றனர். தாம் பிறந்து உழைத்து மடிந்த இடமோ 'தோட்டம்', அதனுள்ளே 'லயம்'. இம்மூன்று சொற்களுக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுச் சரித்திரம் அடங்கிக் கிடக்கின்றது.

கிராமங்களின் இயல்பைப் புதுக் குடியேற்றங்களிலிருந்து காத்தல் வேண்டும் என்னுங் கருத்து மேனாடுகளிற் பெரிதும் பேசப்படுவதொன்று. இங்கிலாந்திலே அந்நோக்கத்துக்கென 1926-ஆம் ஆண்டில் ஒரு சபையே நிறுவப்பட்டது. 1947-இல் நிலத்தின் உபயோகத்தை நெறிப்படுத்தப் பாராளுமன்றம் சட்டமும் இயற்றியது. தம் நாட்டு வயல்வெளிகளைப் பொறுத்து இத்துணைக் கவலை கொண்ட அதே மக்களின் முன்னோர் இலங்கை மலைகளிற் செய்தது யாது என்பதை ஈண்டு நோக்குதல் தகும்.

கண்டிக் கிராமம் தனக்கென ஓர் ஒழுங்குடையது. பள்ளத்தில் வயல், வயலுக்கு மேலே பலா, கித்துள், மிளகு முதலியன செறிந்த வீட்டுத்தோட்டம், அதற்கும் மேலே காலத்துக்குக் காலம் வெட்டிப் பயிரிடப்படும் சேனைநிலம், உச்சியிலே காடு. காட்டினின்றும் இறங்கும் ஓடையே வயலுக்கு உயிர். சேனைக்கும் காட்டுக்கும் பெரும்பாலும் எழுத்துறுதி இருந்ததில்லை. வழக்கமே அவற்றுக்கு உறுதி. 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இவ்வழக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. காடும், தரிசும், பயிரிடப்படாத நிலமும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன என அது விதித்தது. கண்டி மாகாணங்களிற் சேனைநிலமும் இவ்விதிக்குள் அகப்பட்டது. அந்நாளில் முடிக்குரிய நிலம் ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்கும் போயிற்று. வாங்கினோருள் அரசாங்க உத்தியோகத்தர் பலர் இருந்தனர் என்பது சரித்திரம் அறிந்தோர்க்குப் புதிதன்று.

ஆயினும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கொத்மலை, வலப்பனை, ஹேவாஹெட்ட முதலிய பகுதிகளிற் கிராமங்கள் நெருங்கியிருந்தன. அட்டனையும் டிக்கோயாவையும் சூழ்ந்த உயர்மலைகளோ பெரும்பாலும் அடர்ந்த காடாயிருந்தன. ஆதலின் ஒவ்வொரு தோட்டமும் ஒரு கிராமத்தை விழுங்கியே எழுந்தது என்பாரின் கூற்று முற்றும் பொருந்தாது. கிராமம் இழந்தது பெரும்பாலும் தன் குடிமனைகளையன்று. தன் மேய்ச்சலையும், சேனையையும், பெருகுதற்கு வேண்டிய இடத்தையும் ஆகும். 1869-இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழியத் தொடங்கியது. பின்னர்த் தேயிலை பரவிற்று. இருப்புப்பாதை 1884-இல் அட்டனையும் 1885-இல் நானுஓயாவையும் அடைந்தது. மலைகளின் தோற்றமே மாறியது.

அத்தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழர்க்குக் கட்டப்பட்ட லயம் வீடன்று, கிராமமுமன்று. பிரட்டுக் களத்துக்கு ஆட்களை விரைவிற் கூட்டுதற்கு வாய்ப்பாக, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களை வரிசையாகவோ முதுகோடு முதுகாகவோ அடுக்கிய கட்டடம் அது. எனினும் அதனைச் சூழ மக்கள் தாமாகவே ஒன்றை ஆக்கிக்கொண்டனர். இஸ்தோப்பிலே அடுப்பும் திண்ணையும், பீலியடியிலே பெண்களின் கூட்டம், லயத்தின் பின்னே மரக்கறிப் பாத்தியும் மாட்டுப்பட்டியும், மேட்டிலே மாரியம்மன் கோயில், மாசியிற் காமன் கூத்துக்கென ஒதுக்கிய வெளி, மேற்கணக்கு கீழ்க்கணக்கு என்னும் பிரிவுகளுக்கிடையே பெண்கொடுத்தலும் கொள்ளலும். துரைமாரின் கணக்கேட்டில் இவற்றுள் ஒன்றுக்கும் இடமில்லை. கிராமத்தை ஆக்குவன இவையே என்பது எம் துணிபு.

இருபதாம் நூற்றாண்டில் நிலமற்ற கிராமத்தவரின் குறை அரசியலாயிற்று. 1927-இல் அமைந்த காணி ஆணைக்குழுவும், 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டமும் கிராம விஸ்தரிப்புக்கு வழிசெய்தன. குறை உண்மையானது, 1949-இல் நியமிக்கப்பட்ட கண்டி விவசாயிகள் ஆணைக்குழுவின் 1951-ஆம் ஆண்டு அறிக்கையைப் படிப்போர் அதனை மறுக்கவியலாது. பரிகாரமோ வேறொரு குடியின் தலையில் விழுந்தது. கேகாலைப் பகுதியில், தமிழர் உருளவள்ளி எனச் சுட்டும் நேவ்ஸ்மையர் தோட்டத்தை அயற்கிராமத்தவர்க்குப் பகிர்ந்தளிக்கும் பொருட்டு அரசாங்கம் கைக்கொண்டது. ஆங்கு வாழ்ந்த தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் மறுத்தனர். தாம் தலைமுறையாக உறங்கிய காம்பராக்களில் அத்துமீறிக் குடியிருந்தனர் என அவர்கள்மேல் வழக்குத் தொடரப்பட்டது. 1946-இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் அதனை எதிர்த்து வேலைநிறுத்தம் நடத்தியது. ஒரு கிராமம் விரிதற்கு மற்றொரு குடியிருப்பு கலைதல் வேண்டும் என்பதே அத்திட்டத்தின் கருத்து. கலையவேண்டியது கிராமமெனக் கருதப்படாமையால் எவரும் அதனைப் பெரிதுபடுத்தவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1948-இல், பிரசாவுரிமையும் பறிபோயிற்று.

முப்பத்தோராண்டின் பின் இதே கதை தலவாக்கலைப் பக்கத்தில் மீண்டும் நிகழ்ந்தது. 1972, 1975-ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியார்க்குப் பகிரும் முயற்சி தொடங்கவே, தொழிலாளர் தடுத்து நின்றனர். 1977-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் டெவன் தோட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் உயிர்துறந்தார். பகிர்வு கைவிடப்பட்டது. கூலியுயர்வுக்காகவன்று, இடத்துக்காகவே அவர்கள் நின்றனர் என்பது கருதற்பாலது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தாற் பல்லாயிரவர் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. எஞ்சியோர்க்கு 'ஊர்' என்னுஞ் சொல் கடலைக் கடந்து இக்கரைக்கு வந்துவிட்டது. இன்று வகுப்பிலே 'உன் ஊர் எது?' என யாம் வினவினால் மாணவர் தோட்டத்தின் பெயரையே கூறுகின்றனர்.

அண்மைக் காலத்தில் லயங்களை ஒழித்துத் தனிவீடுகள் அமைக்கும் பணி நடைபெறுகின்றது. இந்திய அரசின் உதவியோடு முதலில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017-ஆம் ஆண்டு மே மாதம் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை தோன்றிற்று. கிராமம் என்னும் பெயரைச் சட்டமே வழங்கியது எளிதான செய்தியன்று. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தினது 33-ஆம் பிரிவு அச்சபைகளின் பணம் தோட்டத்துக்குச் செல்வதைத் தடுத்திருந்தது. 2018-இலேயே அத்தடை திருத்தப்பட்டது. அதுவரை தோட்டப்பாதை பழுதுற்றாலுங்கூட அது சபையின் பொறுப்பாகவில்லை.

வீட்டுக்குக் காணி வேண்டும் என்பதில் எமக்கு இரு கருத்தில்லை. பல திட்டங்களில் அளிக்கப்பட்ட ஏழு பேர்ச்சு நிலம் ஏறத்தாழ 1,900 சதுர அடியாகும். வீடு எழுந்தபின் பாத்திக்கும் மாட்டுக்கும் யாது எஞ்சும்? வரைபடத்தில் வீடுகளுக்கு இலக்கமிட்டவர்கள் பீலியடிக்கும் கூத்துவெளிக்கும் இலக்கமிட்டனரா? தேயிலைக்கு உதவாத சரிவையே குடியிருப்புக்கு ஒதுக்கும் மனப்பாங்கும் ஒழிந்தபாடில்லை. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் ஊவாவிலே மீரியபெத்தையில் மலைசரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானதென 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாடெங்கும் மண்சரிவை விளைத்தது. ஓடைத்தலையிலும் செங்குத்துச் சரிவிலும் வீடெழுப்பின் மேலிருக்கும் தமிழனின் கூரையும் கீழிருக்கும் சிங்களவனின் வயலும் ஒரே மழையில் அழியும். பழைய கண்டிக் கிராமம் உச்சிக்காட்டை ஏன் விட்டுவைத்தது என்பதை நில அளவையாளர் அக்கிராமத்தவரிடமே கேட்டறியலாம்.

1992 முதல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளின் கையில் உள்ளது. நிலம் குத்தகைக்கு விடப்பட்ட அரச நிலம். வீட்டுக்காரர்க்கு உறுதி வழங்கும்பொழுதே கோயில் மேடு, மயானம், விளையாட்டுவெளி, நீரூற்று, அதன் மேலுள்ள காடு என்பவற்றையும் அளந்து, குத்தகையினின்றும் நீக்கி, குடியிருப்போரின் பொதுவுடைமையாகப் பதிதல் வேண்டும். இன்றேல் லயத்தை விட்டு வீட்டுக்கு வந்தவன், தன் தந்தையைப் புதைத்த நிலத்துக்கு வேலி விழும்போது, தோட்டத்துக் கந்தோருக்கே மனுவெழுத வேண்டியிருக்கும்.